கட்டடத்துக்குக் கொடுத்தது போதும், ஆளுக்குக் கொடுங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இயங்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) பார்த்துக்கொள்ளும் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பிப்ரவரி பாதியைத் தாண்டிவிட்டால் எங்களைப் போன்ற சின்னத் தொண்டு அமைப்புகளுக்குப் போன் வர ஆரம்பிக்கும். "சார், கொஞ்சம் ஃபண்ட் மிச்சம் இருக்கு. மார்ச் 31-க்குள்ள பில் வந்தாகணும். ஏதாவது பொருளா வாங்குற மாதிரி சொல்லுங்களேன்." பொருள் என்றால் கம்ப்யூட்டர், பெஞ்சு, ஆர்.ஓ. மெஷின், சைக்கிள், ஸ்மார்ட் போர்டு. நாங்களும் தலையாட்டுவோம். தேடி வருகிற லட்சுமியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பொருள் வரும், பேனர் வரும், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் பிறந்ததும் பழைய கவலை வந்து உட்காரும்: டியூஷன் அக்காவுக்கு இந்த மாதச் சம்பளத்தை எங்கிருந்து புரட்டுவது?

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் கணக்கு எழுதுகிறேன். ஆள் குறைகிற நாள்களில் மாலை வகுப்பும் எடுப்பேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். வேலை செய்கிற ஆட்களின் சம்பளத்துக்குக் கொடுங்கள். கொடுப்பதை மூன்று, நான்கு வருஷம் விடாமல் கொடுங்கள். பொருளையும் கட்டடத்தையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நன்றி மறந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மாநிலத்தில் படிப்பும் வைத்தியமும் இந்த அளவுக்கு வந்ததில் தர்மத்துக்கென்று ஒதுக்கிய பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்நின்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 11 படுக்கைகள். இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த இடங்களில் கட்டடத்தோடு ஆட்களும் இருந்தார்கள், மாதம் பிறந்தால் அவர்களுக்குச் சம்பளமும் இருந்தது. பிற்பாடு கொடுக்க வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் மாலை வகுப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காலனியில், சமுதாயக் கூடத்துத் திண்ணையில் நடக்கிறது. முப்பது பிள்ளைகள் வரை வருவார்கள். பாடம் எடுக்கிறவர் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவர், பி.எட். முடித்தவர். அவருக்கு மாதம் ஏழாயிரம் ரூபாய் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியது அதைவிட அதிகம். சுண்டல், சாக்பீஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு மூவாயிரம். வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஒரு ஸ்மார்ட் போர்டும், அதோடு வருகிற யு.பி.எஸ்.ஸும், மாட்டுகிற கூலியும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே தொகைதான். போர்டு வந்து மூன்றாம் வருஷம் பேட்டரி போய்விடும். பேட்டரி மாற்ற யாரிடம் கேட்பது என்று பள்ளிக்கும் தெரியாது, உங்களுக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த அக்கா பாடம் மட்டுமா எடுக்கிறார்? பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நாலு நாளாக ஒரு பையனைக் காணோம் என்றால் இவர் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பார். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று பேசிப் பார்ப்பார். சில வீடுகளில் கேட்பார்கள். சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்ட வீட்டில் பேச்சு எடுபடாது. அப்போது எந்த ஊர்ச் சூளை, பக்கத்தில் என்ன பள்ளி என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அங்கே இந்தப் பிள்ளையை உட்கார வைக்க முடியுமா என்று அந்த ஊர்த் தலைமையாசிரியருக்குப் போன் போடுவார். ஜூன் மாதம் குடும்பம் திரும்பி வந்ததும், விட்டுப்போன பாடத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து நடத்துவார். உங்கள் விண்ணப்பப் படிவத்தை நான் பல தடவை நிரப்பியிருக்கிறேன். 'கற்றல் உபகரணங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாசலில் போய் நிற்பதற்குக் கட்டம் இல்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது இதைவிட நீளம். இருளர் குடும்பத்துப் பிள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வாங்குவது. மற்ற சமூகத்தாருக்குத் தாசில்தார் மட்டத்திலேயே முடிந்துவிடும் காரியம், பழங்குடிகளுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வரை போகிறது. அப்பாவிடம் சான்றிதழ் இருந்தால் பாதிப் பாரம் குறையும்; அப்பாவிடமும் இல்லாத வீடுகள்தான் அதிகம். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், விசாரணைக்கு வருகிற நாளில் ஆள் வீட்டில் இருக்க வேண்டும், சொந்தக்காரர் ஒருவருடைய சான்றிதழைத் தேடி அடுத்த தாலுகாவுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் அன்றைய கூலி போய்விடும். கூடவே போய்வர விவரம் தெரிந்த ஒரு ஆள் இல்லாவிட்டால், இரண்டாம் நடையிலேயே பெற்றோர் விட்டுவிடுவார்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்துவிட்டால் உதவித்தொகை, விடுதி, பிற்பாடு கல்லூரியில் இடம் என்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறும். ஆனால் கணக்கில் இதற்கான செலவு பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், ஒரு ஆளின் சம்பளம், அவ்வளவுதான். ஒரு சி.எஸ்.ஆர். அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, "பயணச் செலவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, இதுல காட்டுற மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் மேலே காட்ட வேண்டிய படிவமும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பீர்கள். எங்களிடம் பேசுகிற பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான்: "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு." ரூல் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கான ரூல். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதை நடத்துவதற்காக நிறுவனம் தன் அலுவலகத்தில் செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்குத்தான் 5 சதவீத வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகிற செலவு அந்த வரம்புக்குள் வராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. டியூஷன் அக்காவின் சம்பளம் திட்டச் செலவு. செவிலியரின் சம்பளம் திட்டச் செலவு. இவர்களை 'நிர்வாகம்' என்ற பெட்டிக்குள் தள்ளி 5 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்வது சட்டம் இல்லை, உங்கள் கணக்குப் பிரிவின் பழக்கம்.

மார்ச் 31 அவசரமும் அப்படியேதான். 2021-ல் திருத்திய விதிகள்படி, தொடர் திட்டம் என்று ஒன்றை அறிவித்துவிட்டால் தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டுகள் நடத்தலாம். செலவாகாமல் மிஞ்சிய தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளைக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதிலிருந்து அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்தத் திட்டத்துக்கே செலவிடலாம். சட்டம் எழுதியவர்கள் நீண்டகால வேலைக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் பிப்ரவரியில் போன் வருவானேன்? (வெளிநாட்டு நிதியின் பாடு வேறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் கூடாது. அந்த வழி குறுகிய பின்னால்தான் உள்ளூர் அறக்கட்டளைகளை நாங்கள் இவ்வளவு நம்பி நிற்கிறோம்.)

மருத்துவத்துக்கு வருகிறேன். இங்கேதான் பொருள் கொடுக்கும் பழக்கம் அதிகமாக உறுத்துகிறது.

டயாலிசிஸ் மெஷின் தானம் என்று அடிக்கடி செய்தி பார்க்கிறோம். மெஷினுக்கு மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, கொடுத்தவர் பெயரைப் பக்கவாட்டில் ஒட்டியிருப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும். ஒரு தடவைக்கே 120 லிட்டர் அளவுக்கு நன்றாகச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். டயாலைசர், டியூப், ஊசி, மருந்து எல்லாம் தொடர்ந்து வாங்கியாக வேண்டும். இதற்கென்று படித்த டெக்னீஷியன் பக்கத்தில் இருக்க வேண்டும். மெஷின் ஒரு தடவைச் செலவு; மற்றதெல்லாம் நோயாளி உயிரோடு இருக்கும்வரை. மாடு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தீவனத்துக்குக் கணக்கில் இடம் இல்லை என்று சொல்வது போலத்தான் இது. எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் தானமாக வந்த மெஷின் ஒன்று துணி போர்த்தியபடி நின்றதை நான் பார்த்தேன். டெக்னீஷியன் வேறு ஊரில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார், அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது முகாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஐநூறு பேருக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, ஐந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவது. ஐநூறு என்ற எண் ஆண்டறிக்கையில் அழகாக உட்காரும். ஆறாம் நாள் மாத்திரைக்கு அவர் எங்கே போவார்? அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். முகாமில் கண்டுபிடித்தவர்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்து, மாதம் ஒரு தடவை போய் மாத்திரையைப் போடுகிறாரா, காலில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் வருஷம் முழுக்க நாற்பது ஐம்பது பேரைத்தான் பார்க்க முடியும். ஐநூறு எங்கே, ஐம்பது எங்கே என்று உங்கள் குழு கேட்கும். ஐம்பதில் ஒருவருடைய கால் தப்பித்தால் அதை எந்த எண்ணில் எழுதுவது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பள்ளிக் கழிவறைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யே சொல்லிவிட்டது. பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் கட்டிய கழிவறைகளைப் பல மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்து, 2020-ல் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார்கள். பார்த்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. முக்கால்வாசிக் கழிவறைகள் தினமும் சுத்தம் செய்யப்படவில்லை. கட்டியது நின்றது, கழுவ ஆளுக்குப் பணம் யாரும் வைக்கவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. நம் ஊரில் தர்மம் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோயிலோடு சேர்ந்து நடந்த பள்ளியையும் விடுதியையும் வீரசோழன் ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையையும் பற்றிப் பேசுகிறது. மருத்துவமனையில் 15 படுக்கைகள். படுக்கையைச் சொல்லிவிட்டு அந்தக் கல்வெட்டு நின்றுவிடவில்லை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் (அந்தக் கால அளவை) நெல்லும் 8 காசும், சல்லியக் கிரியை, அதாவது அறுவை சிகிச்சை, பண்ணுகிறவருக்கு 30 கலம் நெல், மூலிகை கொண்டுவருகிற இருவருக்கு இவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு இவ்வளவு, நாவிதருக்கு, தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு, விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கு என்று வரிவரியாகப் போகிறது. கைவசம் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. ஒரு கணக்கு எழுதுகிறவனாக எனக்கு அந்தக் கல்வெட்டின்மேல் தனிப் பிரியம். இன்றைய படிவத்தில் அதை நிரப்பினால், 'சம்பளப் பங்கு மிகவும் அதிகம்' என்று திரும்பி வந்துவிடும்!

கோயில் விளக்கு தர்மமும் அப்படித்தான். விளக்கை மட்டும் செய்து கொடுத்துவிட்டுப் போகவில்லை. நந்தாவிளக்கு என்ற அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை மன்றாடியிடம், அதாவது ஆடு மேய்ப்பவரிடம், ஒப்படைத்து, அவர் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆடுகள் பெருகும், கிழடு போனால் குட்டி வரும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். மூலதனம், வருமானம், பொறுப்பாளி, தினசரி அளவு எல்லாம் ஒரே ஏற்பாட்டில் வந்துவிட்டன.

ராஜாக்களை விடுங்கள். விருதுநகரில் வியாபாரிகள் சரக்கு விற்பனையில் மகமை என்று ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது தினம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடியரிசியைத் திரட்டி நடத்திய பள்ளிதான் சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் சிறுவயதில் படித்தது அங்கேதான். அந்தப் பெண்களில் யாரும் தன் அரிசிக்கு எத்தனை பயனாளிகள் என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கும் உலை வைக்க வேண்டும், நாளைக்கும் ஒரு பிடி போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து கல்விக் கொடையில் அதைவிடச் சரியான முறை இல்லை. சின்னத் தொகை, ஆனால் தினம்.

கலைக்குக் கொடுப்பவர்கள் குறைவு, அதனால் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளும் கைவினைகளும் பொது நூலகங்களும் இருக்கின்றன. பணம் பெரும்பாலும் போவது சென்னையில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை முக்கால் மணி நேரமாகச் சுருக்கி ஆட வைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். ஜமாவுக்கு வேண்டியது அது இல்லை. பங்குனி தொடங்கி ஆடி முடிய திரௌபதி அம்மன் கோயில் பாரதம், திருவிழா என்று ராத்திரி ராத்திரி வேலை இருக்கும். மழைக்காலம் வந்தால் ஒன்றும் இருக்காது. கூலி வேலைக்கோ சென்னைக்குக் காவலாளி வேலைக்கோ போய்விடுவார்கள். போனவர்களில் முகவீணை என்ற ஊதுகருவியை வாசிப்பவர் திரும்பி வராவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஜமாவே இல்லை. வேலையில்லாத அந்த மாதங்களில் நாலு பையன்களுக்கு அடவும் பாட்டும் சொல்லிக் கொடுக்க வாத்தியாருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். இரண்டு வருஷம் கொடுத்தால் மேடைக்கு இரண்டு புது ஆட்கள் வந்துவிடுவார்கள். மர அணிகளைப் பூட்டி ஆடும் கட்டைவேஷத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்து, அவரிடம் ஒரு பையனை அனுப்பி வையுங்கள்.

புத்தகத்துக்கும் அதே கதைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் எல்லாம் 1992-ல் அவர் இறந்த பிறகு என்ன ஆகுமோ என்று இருந்தது. வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். அவர்களுக்குக் கைகூப்ப வேண்டும். கல்லூரிகளுக்கும் கோயில்களுக்கும் கோடி கோடியாகக் கொடுத்த செட்டிநாட்டில், பக்கத்து ஊரில் இருந்த ஒரு நூல் குவியலை எடுத்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லையே என்பது இன்றும் எனக்கு உறுத்தல். பட்டியல் தயாரிக்கவும் நுண்படம் எடுக்கவும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வருஷக்கணக்கில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை.

நீங்கள் திருப்பிக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். "எத்தனை நாளைக்குத்தான் நாங்களே கொடுப்பது? நீங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டாமா? அரவிந்த் நிற்கிறதே?" நிற்கிறது. காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கிறார், அந்த வருமானத்தில் முடியாதவருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ பார்க்கிறார்கள். 1992-ல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே செய்து விலையை இறக்கினார்கள். அற்புதமான ஏற்பாடு. கண்புரை பணக்காரருக்கும் வரும், ஏழைக்கும் வரும், அதனால் அந்தக் கணக்கு நடக்கிறது. செங்கல் சூளைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையின் மாலை வகுப்பில் காசு கொடுக்கக்கூடிய இன்னொரு வரிசை கிடையாது. சாதிச் சான்றிதழுக்கு நடக்கிற வேலையைக் காசுக்குச் செய்தால் அதற்குப் பெயர் புரோக்கர். வரும்படிக்கு வழியே இல்லாத வேலைகள் சில உண்டு, அவற்றுக்காகத்தானே தர்மப் பணம் இருக்கிறது?

"ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். லெட்டர்பேடும், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை வாங்கித் தரும் 80-ஜி சான்றிதழும் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிற அமைப்புகளை நாங்கள் உங்களைவிட நன்றாக அறிவோம், அவர்களால் கெட்ட பெயர் எங்களுக்குத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிமெண்ட் பில்லையும் ஜல்லி பில்லையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றி எழுதலாம். ஒருவருடைய வங்கிக் கணக்கில் மாதம் 5-ஆம் தேதி விழுகிற சம்பளத்தை அவ்வளவு சுலபமாக ஏற்றி எழுத முடியாது. அந்த ஆள் இருக்கிறாரா, வகுப்பு நடக்கிறதா என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். திருட்டைப் பிடிப்பதற்கும் சம்பளக் கணக்குதான் வசதி.

அப்புறம் இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். உங்கள் பக்கத்திலும் ஆள் நிலையாக இல்லை. போன வருஷம் எங்களைப் புரிந்துகொண்ட திட்ட அதிகாரி இந்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். புதிதாக வருகிறவர், "உங்க ஆர்கனைசேஷன் பத்தி ஒரு பி.பி.டி. அனுப்புங்க" என்று முதலிலிருந்து தொடங்குகிறார். விண்ணப்பம் குழுவுக்குப் போய், கேள்வியோடு திரும்பி, மறுபடி போவதற்குள் பள்ளி ஆண்டு முடிந்துவிடும். பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார், அவர் தர்மத்துக்கு எழுதிவைத்த பணம் வழக்குகளில் சிக்கி, அதிலிருந்து பள்ளிக்கூடம் வந்தது 1842-ல். உங்கள் குழுக்கள் அந்த அளவுக்கு மோசம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, எங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'பணியாளர்' என்று தனிக் கட்டம் வையுங்கள், அதற்கு உச்சவரம்பு போடாதீர்கள். அதிகம் என்று தோன்றினால் ஏன் என்று கேளுங்கள், விளக்குகிறோம். புதிய அமைப்பு என்றால் முதல் வருஷம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். நாங்கள் செலவு செய்து பில் அனுப்பியபின் பணம் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். ஆறு மாதம் கைப்பணம் போட்டு நடத்த எங்களிடம் முதல் இல்லை, அந்த ஆறு மாதமும் அக்காவுக்குச் சம்பளப் பாக்கியாகத்தான் போய் முடியும். முடிவைப் பள்ளி திறப்பதற்கு முன்னால், மே மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். முடியாது என்பதாக இருந்தாலும் அப்போதே சொல்லிவிட்டால் வேறு கதவைத் தட்டுவோம். பொருள் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அதைப் பராமரிக்க ஐந்து வருஷத்துக்கு ஆகும் செலவையும் அதே காசோலையில் சேர்த்துக் கொடுங்கள்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை வைப்பதாக இருந்தால், கூடவே கடந்த ஐந்து வருஷத்தில் வாங்கிக் கொடுத்த பொருள்களின் பட்டியலையும் வையுங்கள். அதில் பத்து இடத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்து, எது ஓடுகிறது, எது துணி போர்த்தி நிற்கிறது என்று ஆள் அனுப்பிப் பாருங்கள். ஓடுகிற இடங்களில் அதை யார் ஓட்டுகிறார்கள், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஆள் அனுப்பினால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு போக நான் வருகிறேன். மாலை வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும், சுண்டல் ஆறரைக்கு.

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்திலிருந்து,
ஒரு சிறு தொண்டு அமைப்பின் கணக்கர்